பட்டி, ஈயம், பாட்டினா

எழுபதுகளின் கடைசியில் புதுப்பேட்டைப் பட்டறை ஒன்றில் நான் கையாளாகச் சேர்ந்தபோது, பழைய காரை யாரும் ‘ரீஸ்டோர்’ செய்யவில்லை. ‘ரெடி பண்ணினார்கள்’. “வண்டிய ரெடி பண்ணிக் குடுங்க பாய்” என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பட்டறைக்காரரான பாயின் பாடு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். விரல் முட்டியால் அங்கங்கே தட்டிக் காது கொடுப்பார். பிறகு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுவார்: முன் மட்கார்டு ஒடுக்கு, கதவுக்கு அடியில் ஓட்டை, இடது கதவு இறக்கம், டிக்கி பூட்டு, பட்டி, பெயின்ட். எல்லாமே கையால் செய்யும் வேலைகளின் பெயர்கள். எத்தனை நாள், எவ்வளவு தகடு, எவ்வளவு கேஸ் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.

இப்போது என் பட்டறைக்கு வருபவர் வேறு அகராதியோடு வருகிறார். ஃப்ரேம் ஆஃப் வேண்டும், வண்டி மேட்சிங் நம்பர்ஸ், பாட்டினாவைத் தொடக்கூடாது, இன்டீரியர் மட்டும் ரெஸ்டோமாட். இதில் பாதியை வாடிக்கையாளர்களிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன், அதில் வெட்கமில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே கவனித்தேன். பாயின் சொற்கள் கை என்ன செய்தது என்று சொல்லும். இந்தச் சொற்கள், வண்டிக்காரர் தன் வண்டியைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்கின்றன. பில் எழுதும்போது இந்த வித்தியாசம் பெரிய தலைவலி.

எங்கள் தொழிலுக்கு இங்கே பெயர் டிங்கரிங். வடக்கே டென்டிங் என்பார்கள். அடிபட்டு உள்ளே போன தகட்டை வெளியே கொண்டுவருவது ஒடுக்கெடுப்பு. உள்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து வெளிப்பக்கம் சுத்தியால் தட்டுவோம். தகடு நீளக்கூடாத இடத்தில் இரும்புச் சுத்திக்குப் பதில் மரக் கொட்டாப்புளி. இரும்பும் இரும்பும் நடுவில் அகப்பட்ட தகடு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மெலிந்து கொஞ்சம் விரியும். விரிந்த தகடு போக இடமில்லாமல் உப்பிக்கொண்டு, கையை வைத்தால் ‘டப்’ என்று உள்ளே போய் வெளியே வரும். அதைச் சுருக்க, உப்பின இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கேஸ் நெருப்பால் சிவக்கச் சூடேற்றி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியை வைத்து அழுத்த வேண்டும். ‘சுருக்கம் எடுப்பது’ என்று இதற்குப் பெயர். கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். இன்று வரும் எந்தப் புதிய சொல்லிலும் இந்த வேலை தனியாகத் தெரிவதில்லை. ‘மெட்டல் ஒர்க்’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ஈயம். தகட்டை எவ்வளவு தட்டினாலும் நூலளவு பள்ளம் மிஞ்சும். ஒட்டுப் போட்ட இடத்தில் கோடு தெரியும். அதை நிரப்ப அந்தக் காலத்தில் ஈயம் வைப்போம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவருக்கும் எங்களுக்கும் பாதி வேலை ஒன்றுதான். தகட்டைப் பளபளவென்று சுரண்டி, பிளக்ஸ் போட்டுத் துடைத்து, முதலில் மெல்லிய பூச்சு. பிறகு ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பி. 70 பங்கு ஈயத்துக்கு 30 பங்கு வெள்ளீயம் என்ற கலவையில் ஒரு குணம் உண்டு. 183 டிகிரியில் இளகத் தொடங்கும், முழுக்க உருகி ஓட 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த இடைவெளியில் அது வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். கொழுப்புத் தடவிய மரக்கட்டையால் தள்ளித் தள்ளிப் பரப்புவோம். சூடு ஒரு நொடி கூடினால் மொத்தமும் வழிந்து தரையில் விழும். ஆறியபின் அரம் மட்டும்தான் போட வேண்டும், உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும். பிளக்ஸைச் சரியாகக் கழுவாவிட்டால் சில மாதங்களில் பெயின்ட் கொப்பளிக்கும்.

இதன் எதிரி பட்டி. முதலில் நைட்ரோ பட்டி, பிறகு இரண்டு டப்பாவைக் கலந்து தடவும் பாலியஸ்டர் பட்டி. மெல்லியதாகத் தடவினால் நல்ல பொருள்தான். ஒடுக்கை எடுக்காமலேயே பள்ளத்தை நிரப்ப இதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பெயர் கெட்டது. ‘பட்டி டிங்கரிங் பார்த்திருக்கு’ என்று மேக்கப் போட்ட முகத்தைக்கூடக் கேலி செய்கிறார்களே, அந்தக் கேலி பிறந்தது எங்கள் பட்டறைகளில்தான். பழைய வண்டி வாங்க வருபவர் கைக்குட்டையில் காந்தத்தைச் சுற்றி எடுத்துவருவார். காந்தம் நழுவினால் அங்கே பட்டி என்று கணக்கு.

இப்போது காந்தத்தின் இடத்தில் மீட்டர் வந்திருக்கிறது. பெயின்டின் கனத்தை மைக்ரானில் காட்டும். கம்பெனிப் பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டுமென்றால், பட்டி உள்ள இடம் ஆயிரத்தைத் தாண்டும். ஓர் அம்பாசடரை வாங்க நினைத்த இளைஞர் ஒருவர், வண்டியை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தி, பின் மட்கார்டு ஓரத்தில் மீட்டரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணே, ஃபுல் பட்டி. ஆயிரத்து எண்ணூறு காட்டுது. ஓனர் ஒரிஜினல்னு சொன்னார்.”

“தம்பி, உள்பக்கம் கைய விட்டுப் பாருங்க.”

உள்பக்கம் தகடு வழவழவென்று, ஒட்டுக்கோடு நேராக இருந்தது. ஓரத்தில் நகத்தளவு பெயின்டைச் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. யாரோ ஒரு பழைய கை வைத்த ஈயம். இரும்புக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்பதுதான் அந்த மீட்டருக்குத் தெரியும். நடுவில் இருப்பது ஈயமா பட்டியா என்று அதற்குத் தெரியாது. காந்தத்துக்கும் தெரியாது, ஈயத்திலும் அது ஒட்டாது. நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே எண்ணைக் காட்டின. அவர் அந்த வண்டியை வாங்கினார். ஆனால் விற்றவரிடம் விலையைக் குறைக்க அந்த 1,800-ஐத்தான் காட்டினாராம்!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் எங்கள் பேச்சு வேகமாக மாறியது. முழுக் கதவு, முழு மட்கார்டு டப்பாவில் கிடைத்தது. ‘எடு’ போய் ‘மாத்து’ வந்தது. பட்டறை ‘பாடி ஷாப்’ ஆனது, மட்கார்டு ‘ஃபெண்டர்’ ஆனது, தகடு ‘பேனல்’ ஆனது. இன்ஷூரன்ஸ் சர்வேயருக்குப் புரியும் சொல்லில் எழுதினால்தான் பணம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

‘ரீஸ்டோரேஷன்’ என்ற சொல் தனி வழியில் வந்தது. ராலிகள் மூலமாக வந்தது என்பது என் எண்ணம். முன்பெல்லாம் பழைய கார் ராலி என்றால் ராஜா வீட்டு ரோல்ஸ்ராய்ஸும் டாக்டர் வீட்டு ஆஸ்டினும்தான். எண்பதுகளில் சாதாரணமாக ஓடிய ஃபியட்டும் ஹெரால்டும், இரண்டாயிரத்துக்குப் பின் அதே வரிசையில் வந்து நின்றன. கூடவே ‘விண்டேஜ்’ என்ற சொல்லும் கீழே இறங்கியது. 1934-ல் இங்கிலாந்தில் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் கணக்கில் 1930-க்குப் பின் செய்த கார் விண்டேஜே கிடையாது. இங்கே தொண்ணூறுகளின் பத்மினி காரைக் கொண்டுவந்து “விண்டேஜ் சார்” என்பவர்கள் உண்டு. நான் திருத்துவதில்லை. ஆசையாக வருகிறவரிடம் ஆண்டுக்கணக்கு பேசி என்ன ஆகப்போகிறது?

திருத்த வேண்டிய சொல் ஒன்றிருக்கிறது: ஒரிஜினல்.

பாய் காலத்தில் ஒரிஜினலுக்கு எதிர்ச்சொல் டூப்ளிகேட். ஜி.பி. ரோடு கடையில் “ஒரிஜினலா, லோக்கலா?” என்று கேட்பார்கள். கம்பெனி முத்திரை போட்ட டப்பா ஒரிஜினல். டில்லியில் யாரோ வார்த்தது டூப்பு. சொல் உதிரிபாகத்தைப் பற்றியது, வண்டியைப் பற்றியதல்ல. இப்போது ‘ஒரிஜினல் கார்’ என்றால், ஆலையைவிட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி என்று பொருள். அப்படியானால் ஆலையைவிட்டு எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். இங்கேதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆட்களிடம் நான் மல்லுக்கு நிற்கிறேன்.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம், உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதை இங்கே செய்தது. பிரிட்டனில் இன்ஜின் 1147 சிசி, பிறகு 1296 சிசி என்று வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948 சிசி. அங்கே இரண்டு கதவு. இங்கே அறுபதுகளின் கடைசியில் மார்க் 3 நான்கு கதவுகளோடு வந்தது. அதன் பின்கதவு உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவில்லை. மின்சாமான் பாடியில் செய்த லூகாஸ் டிவிஎஸ். ஆக, இந்த வண்டியின் ஒரிஜினல் என்பது சென்னையைச் சுற்றிய சில மைல்களுக்குள் உருவான ஒன்று.

ஆனால் நடப்பது என்ன? வண்டிக்காரர் லண்டனிலிருந்து டிரையம்ஃப் பாகங்களாக வரவழைக்கிறார். இருக்கைத் துணி, ஸ்டீயரிங், சின்னங்கள் எல்லாமே தரமான பொருள். பார்சலைப் பிரித்து, “மேஸ்திரி, இதுதான் ஒரிஜினல்” என்கிறார். பாயின் அகராதிப்படி சரி, கம்பெனி டப்பாவில் வந்தது. அவருடைய சொந்த அகராதிப்படி தவறு, அந்த வண்டி அதைப் பார்த்ததே இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு காலத்து ஒரிஜினலும் மோதுகின்றன. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் சிலர் பார்சலைத் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் எனக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். சென்னை லூகாஸ் விளக்குக் கண்ணாடிக்காக நான் இன்றும் காயலான் கடைகளில் மண்டியிட்டுத் தேடுகிறேன். லண்டன் கண்ணாடி ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும்.

ஃப்ரேம் ஆஃப் என்பதும் இப்படித்தான். அமெரிக்காவின் பழைய பெரிய கார்களில் அடியில் சேசிஸ், மேலே பாடி என்று இரண்டு தனித்தனி உடம்பு. போல்ட்டைக் கழற்றிப் பாடியைத் தூக்கினால், எட்டாத இடமெல்லாம் எட்டும். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. ஹெரால்டுக்கும் தனி சேசிஸ் உண்டு, அங்கே செய்யலாம், செய்திருக்கிறேன். ஆனால் அம்பாசடரைக் காட்டி “ஃப்ரேம் ஆஃப் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அதில் தரை, தூண், கூரை எல்லாம் ஒரே கூடு. கழற்ற ஃப்ரேம் இல்லை. ஃபியட்டும் அப்படியே. இன்ஜின், முன் அச்சு, பின் அச்சு, கண்ணாடி, ஒயர் எல்லாவற்றையும் இறக்கி, வெறுங்கூட்டைச் சுழல் ஸ்டாண்டில் மாட்டித் திருப்பித் திருப்பி வேலை பார்க்கலாம். வேலை உண்மையில் இன்னும் கடினம். ஆனால் சிலர் ஃப்ரேம் ஆஃப் என்று எழுதித் தராவிட்டால் வேலையே குறைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கூடு இறக்கிய வேலை என்று எழுதித் தருகிறேன். அவர்கள் வெளியில் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பது என் கையில் இல்லை.

ரெஸ்டோமாட் என்றதும் எனக்குச் சிரிப்பு வரும். பழைய உடம்பு, புதிய உயிர்: நவீன இன்ஜின், டிஸ்க் பிரேக், ஏசி, பவர் ஸ்டீயரிங். எண்பதுகளில் டாக்ஸிக்காரர்கள் கொண்டுவந்த அம்பாசடர்களின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மேட்டடார் டீசல் இன்ஜின் வைத்துக் கொடுத்த ஊர் இது. அன்றைக்கு அதன் பெயர் ‘கன்வர்ஷன்’. எடை கூடி மூக்கு தொங்கும். முன் டார்ஷன் பாரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி நிமிர்த்துவோம். காரணம் ஒன்றே ஒன்று, டீசல் மலிவு. அந்த வேலையை யாரும் படம் எடுத்ததில்லை. இன்று அதே வேலைக்குப் பல லட்சம், கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். சட்டம் மட்டும் பெயர் மாறினாலும் மயங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ரெஸ்டோமாட் கேட்டு வருபவரிடம் முதலில் ஆர்.சி. புத்தகத்தைத்தான் கேட்கிறேன்.

மேட்சிங் நம்பர்ஸ் நமக்குப் புதிது இல்லை. ஆர்.சி.யில் இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் இருக்கும். எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்துப் பழகியவர்கள் நாம். திருட்டு வண்டியா என்று பார்க்க இருந்த பழக்கம், இப்போது விலையை ஏற்றும் பெருமையாகிவிட்டது. அவ்வளவுதான்.

புதிய சொற்களில் எனக்கு உண்மையாகவே உதவியது ‘ப்ரிசர்வேஷன்’. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா, டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைக் காக்க 1964-ல் எழுதிய வெனிஸ் சாசனத்தை ஒட்டிய ஏற்பாடு. இருப்பதைக் காப்பது வேறு, மீட்டுச் செய்வது வேறு என்று அது பிரிக்கிறது. புதிதாக வைத்த பாகத்தில் அடையாளம் போட்டு வை, கழற்றிய பழைய பாகத்தை வண்டியோடு சேர்த்துப் பத்திரப்படுத்து என்ற போக்கில் சொல்கிறது. பாய்க்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். அவர் கொள்கையில் ஒட்டுத் தெரியாமல் இருப்பதுதான் தொழில். நானோ இப்போது புதிதாக வைக்கும் ஒவ்வொரு தகட்டின் உள்பக்கத்திலும் வருஷத்தைப் பஞ்ச்சால் குத்திவிடுகிறேன். வெளியே ஒட்டுத் தெரியாது, உள்ளே தேடுகிறவருக்குத் தெரியும்.

பெயின்ட் வேலையிலும் இந்தச் சொல் என் கையைக் கட்டிப்போட்டது. முன்பு வண்டி வந்ததும் பெயின்டை உரித்துவிடுவோம். இப்போது கதவு இடுக்கில், இருக்கைக்கு அடியில், தின்னர் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்க்கிறேன். பட்டறைகளில் அடித்த பழைய நைட்ரோ பெயின்ட், ‘டியூகோ’ என்று நாங்கள் சொன்னது, தின்னர் ஆவியாகி மட்டும் காய்ந்த பூச்சு. எத்தனை வருஷமானாலும் தின்னர் பட்டால் கரைந்து பஞ்சில் நிறம் ஏறும். ஹார்ட்னர் கலந்து இறுகிய பியூ பெயின்ட் அசையாது. பஞ்சைப் பார்த்தால் எந்தக் காலத்துக் கை என்று ஓரளவு ஊகிக்கலாம். அதன்பிறகு உரிப்பதா, பாலிஷ் போட்டு விடுவதா என்ற பேச்சு.

ஆனால் பாட்டினா விஷயத்தில் நான் வாடிக்கையாளர் பக்கம் இல்லை. வெயிலில் வெளுத்து, பெயின்ட் தேய்ந்து, துரு மென்மையாகப் படர்ந்த தோற்றத்தை அப்படியே வைத்துக்கொள்வது அது. மழையே பெய்யாத அமெரிக்கப் பாலைவனத்தில் துரு மேலோடு நின்றுவிடும், அங்கே அது அழகு. பெசன்ட் நகரில் உப்புக்காற்றில் நிறுத்திய வண்டிக்குப் பாட்டினா வராது, ஓட்டைதான் வரும். மேலே காசு அளவு தெரியும் துருவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு தகடு போயிருக்கும். “இத அப்படியே கிளியர் கோட் அடிச்சுக் குடுங்க” என்பவரிடம், திருகுளியால் ஒரு குத்துக் குத்திக் காட்டுகிறேன். உள்ளே போய்விட்டால் பேச்சு முடிந்தது.

இந்தச் சொற்களுக்கெல்லாம் 2021-ல் அரசாங்க முத்திரையும் விழுந்தது. அந்த ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குகளை விண்டேஜ் என்று பதியலாம். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ எழுத்து வரும், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ராலிக்கும் கண்காட்சிக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. நிபந்தனை: வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்வது போன்ற பெரிய ‘ஓவர்ஹால்’ நடந்திருக்கக்கூடாது.

ஓவர்ஹால்! மெக்கானிக் வாயில் அது ‘ஓவராயில்’. அதைவிடப் பெருமையான சொல் எங்கள் தெருவில் இருந்ததில்லை. இன்ஜினை இறக்கி, சிலிண்டரை போர் அடித்து, பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் கடைந்து, வால்வு உரசி, ரிங்கும் பேரிங்கும் மாற்றி ஏற்றுவது. கெட்டுப்போன வண்டிக்கும் நல்ல பெயர் வாங்கித்தரும் வேலை.

ஹெரால்டு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், விஏ பதிவுக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா வாங்கிய வண்டி, ஒவ்வொரு ரசீதையும் வைத்திருக்கிறார். நடுவில் எண்பதுகளின் பில் ஒன்று, நீல மையில் தடித்த எழுத்து: ‘இன்ஜின் ஃபுல் ஓவராயில்’.

“மேஸ்திரி, இந்த ஒரு தாள எடுத்துடட்டுமா? அதிகாரி கண்ணுல பட்டா ரிஜெக்ட் பண்ணிடுவாரோ?”

“எடுக்காதீங்க சார். அத எடுத்தா அந்த வருஷம் என்ன நடந்ததுன்னு யாருக்குமே தெரியாம போயிடும்.”

பில்லைப் படித்தோம். முப்பது ஓவர்சைஸ் பிஸ்டன் செட், ரிங், பேரிங், வால்வு கைடு, கேஸ்கெட். இன்ஜின் எண் அதேதான், ஆர்.சி.யோடு பென்சில் பிரின்டை வைத்து ஒப்பிட்டோம். எதையும் வேறாக மாற்றவில்லை, தேய்ந்ததைத்தான் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். என் பட்டறைத் தாளில் அதை வரிவரியாக எழுதி, அந்தக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு எங்கள் தெருவில் என்ன பொருள் என்று இரண்டு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் பழைய பில்லோடு சேர்த்துப் பின் அடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். பின்கதவு ரப்பர் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அடுத்த வாரம் புதுப்பேட்டைக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.